பிரசங்க பீடத்தில் டேப்லெட்: நான்கு ஆண்டு ஓட்டிய பிறகு

ஞாயிறு இரண்டு ஆராதனை, வாரநாளில் வீட்டு ஜெபக்கூட்டங்கள், திடீரென்று வரும் அடக்க ஆராதனை, வருஷத்துக்கு ஒரு கன்வென்ஷன். தெற்கே ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில், வேலை ஏறக்குறைய இதுதான். இத்தனை வேலைக்கும் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் தேவையில்லை. இந்த அளவில் எதை வாங்கினாலும் அனுபவம் பெரிதாக மாறாது.

முதலில் பக்க அளவு. பெரும்பாலோர் வேர்டில் ஏ4 தாளில் அடித்து, அப்படியே டேப்லெட்டில் திறக்கிறார்கள். எழுத்து எறும்பாகத் தெரியும். இரண்டு விரலால் பெரிதாக்கினால் வரி ஓரத்தில் வெட்டுப்படும். 16:10 விகிதத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அளவு சுமார் 5.3 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். வேர்டிலும் அதே அளவில் தாளை அமைத்து, நான்கு பக்கமும் 0.3 அங்குல ஓரம் விட்டு, எழுத்து 20 பாயின்ட், வரி இடைவெளி 1.4 வைத்தால் கண்ணாடி போட்டவருக்கும் போடாதவருக்கும் சரிவரும். அதைப் பிடிஎஃப் ஆக்கித்தான் டேப்லெட்டுக்கு அனுப்ப வேண்டும். வேர்டு கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு டேப்லெட்டில் இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும். பக்கம் முறிகிற இடமெல்லாம் மாறிவிடும்.

பிடிஎஃப் செயலியில் தொடர் உருட்டல் வேண்டாம், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும் முறைதான் நல்லது. உருட்டும் முறையில் உள்ளங்கை பட்டாலே இடம் ஓடிவிடும். சபை காத்திருக்க நாம் வரியைத் தேடிக்கொண்டிருப்போம். பக்கத்தின் கடைசி வரியை அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி போட்டுக்கொண்டால் புரட்டுகிற நொடியில் பேச்சு அறுபடாது.

பீடத்தில் ஏறுமுன் ஐந்து காரியம்: ஏரோபிளேன் மோட், திரை தானே சுழல்வதை நிறுத்துவது, தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திப் பாதியளவில் வைப்பது, திரை அணையும் நேரத்தை 30 நிமிடத்துக்கு நீட்டுவது, பாதுகாப்பு அமைப்புகளில் உள்ள ஆப் பின்னிங்கைப் போட்டுச் செயலியைப் பூட்டுவது. கடைசியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அது இல்லாவிட்டால் கீழ் ஓரத்தில் விரல் உரசினாலே முகப்புத் திரைக்குப் போய்விடும். பளபளக்கும் கண்ணாடியில் மேலே உள்ள டியூப்லைட் நேராக விழும் என்பதால் மேட் ஸ்க்ரீன் கார்டு அவசியம்.

இனி பழைய பிரசங்கக் கோப்புகள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை டேப்லெட்டில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். இன்றைய யூனிகோடு தமிழுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே வசனக் குறிப்புகளைப் பிரிக்க ஆங்கில எழுத்துருவுக்கு மாறிப் போட்ட அரைப்புள்ளியெல்லாம் எண்ணுக்குப் பின்னால் அநாதைப் புள்ளியாக நிற்கும். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் புரியாத தமிழாகிவிடும். ஒரு பிரசங்கத்துக்கு அரைமணி நேரம் திருத்த வேலை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேதாகமச் செயலிகளில் தேடல்தான் பெரிய வரம், பெரிய ஏமாற்றமும் அதுவே. ‘அன்பு’ என்று தேடினால் ‘அன்பினால்’, ‘அன்பில்’ எதுவும் வராது. கடைசி உகரத்தை எடுத்துவிட்டு ‘அன்ப’ என்று தேடினால், சொல்லின் துண்டையும் தேடுகிற செயலியில் எல்லாம் வரும். ‘வீட’ என்று போட்டால் வீடும் வரும், வீட்டிலும் வரும். முழுச்சொல்லாக மட்டும் தேடும் செயலியில் இந்த வித்தை பலிக்காது. ஔகாரக் குறியும் ஒரு கண்ணி. ‘கௌ’ என்பதைச் சிலர் ககர எகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து அடித்துவிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு அது வேறு எழுத்து. ‘இந்த வசனமே வேதத்தில் இல்லை’ என்று முடிவுகட்டுமுன் வேறொரு சொல்லை வைத்தும் தேடிப் பாருங்கள்.

மேலே சொன்ன எழுத்தளவில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல். திரைக்கு இருபது வரி. பழைய திருப்புதலின் (சபைகளில் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின்) வசனம் என்றால் நான்கைந்துதான் ஒரே பார்வையில் நிற்கும். பேட்டரியைவிட, வெயிலைவிட இந்தக் கருவியின் உண்மையான குறை இதுதான் என்பேன். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 வாழ்த்துப் படமாகத் தினமும் போனில் வருகிறது. அதற்கு முந்திய வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது; சிறைப்பட்டுப் போய் அதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்னும் பிலிப்பியர் 4:13க்கு மேலே பசியும் பற்றாக்குறையும் இருக்கின்றன. தாளில் படிப்பவர் கண்ணில் அவை தானாகவே படும். திரையில் நாமாகத் தள்ளிப் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் வாரத் தொடக்கத்தில் அதிகாரம் முழுவதையும் அச்சு வேதாகமத்தில் வாசிப்பது, வெள்ளிக்குப் பிறகே டேப்லெட்டைத் தொடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் பிரசங்கத்தின் தரமே மாறும். தமிழ் எழுத்தின் அகலம் தந்த தொல்லை புதிதல்ல. தரங்கம்பாடியில் 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. இங்கேயே சிறியவற்றை வார்க்க வேண்டியதாயிற்று.

வெளியே எடுத்துப்போகும்போது கதை வேறு. இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப எல்லை 35 டிகிரி. சித்திரை வெயிலில் கல்லறைத் தோட்டத்தில் திரை முதலில் மங்கும், பிறகு சூட்டுக்குத் தானே அணையும். அடக்கத்துக்கு ஜெபப் புத்தகம் மட்டும்தான். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. வியர்வை விரலைத் திரை ஒழுங்காக ஏற்காது. மழைக்காலக் கன்வென்ஷன் பந்தலில் ஈசல் வந்து திரையில் அப்பும், தட்டிவிட்டால் பக்கம் புரளும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் கொஞ்சம் குறையும். நற்கருணை மேசையிலும் ஞானஸ்நானத் தொட்டி அருகிலும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

வாட்ஸ்அப் இந்த ஊழியத்தில் பாதி. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும். ‘ஐயர் (போதகர்) எனக்கு மட்டும் அனுப்பலையே’ என்ற மனத்தாங்கலில் பெரும்பாலானவை இங்கே பிறப்பவை. ஆஸ்பத்திரிப் படங்கள் தானாக கேலரியில் இறங்குவதை நிறுத்தி வையுங்கள், ஆல்பத்தைப் புரட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஜெப விண்ணப்பத்தைக் குழுவில் போடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும். நோயின் பெயரோ கடனோ அதில் வரக் கூடாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டிமாருக்கு ஒன்றரை நிமிடக் குரல் பதிவு போதும், மூன்று நிமிடம் போனால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

பேட்டரியை 20க்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் ஓட்டினால் நாள்பட உழைக்கும். சனி இரவு மட்டும் நிறைத்துக்கொள்ளலாம். திரையின் ஓரம் லேசாகத் தூக்கி நின்றால் உள்ளே பேட்டரி உப்புகிறது என்று பொருள். அன்றே நிறுத்துங்கள், சார்ஜில் போடவே கூடாது.

கருவி எதுவானாலும் பிரசங்கக் குறிப்பு 14 பாயின்ட்டில் அச்சாகி வேதாகமத்துக்குள் இருக்கட்டும், இரண்டு ஏ4 தாள் ஆகும். ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். முடித்த தாளை ஓசையில்லாமல் பக்கவாட்டில் நகர்த்திவிடலாம். புரட்டினால் அந்தச் சரசரப்பு பீடத்து மைக்கில் விழும்.