லவானில் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி: சில ஆண்டு அனுபவம்

பதற்றம், தன்னம்பிக்கை, பணி நிறைவு போன்ற எதையும் நேரடியாக அளக்க முடியாது. கேள்வித்தாளில் கிடைக்கும் பதில்களை வைத்து அனுமானிக்கத்தான் முடியும். இந்த மறைமாறிகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் ஒருசேரச் சோதிக்க உதவுவது கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி. இதைப் புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரின் லவான் (lavaan) என்ற மென்பொருள் தொகுப்பில் கற்று, சில ஆண்டுகளாக ஆய்விலும் பயன்படுத்திவருகிறேன். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈவ் ரோசீல் உருவாக்கிய இந்தத் தொகுப்பு முற்றிலும் இலவசம். சொந்தச் செலவில் படிக்கும் ஆய்வு மாணவருக்கு இது சாதாரண விஷயமல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது இதில் மாதிரியை எழுதும் முறை. ஒரு மறைமாறியை எவை அளக்கின்றன என்பதற்கு =~, எது எதைப் பாதிக்கிறது என்பதற்கு ~, எவை சேர்ந்து மாறுகின்றன என்பதற்கு ~~. பெரும்பாலான மாதிரிகளுக்கு இந்த மூன்று குறிகளே போதும். திரையில் அம்புகளை இழுத்துப் படம் வரைவது எளிதுதான். ஆனால் வரி வரியாக எழுதும்போது, இந்த உறவு ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் எழுகிறது.

கற்பவர்கள் முதலில் தொட வேண்டியது தொகுப்போடு வரும் ஹோல்சிங்கர்–ஸ்வைன்ஃபோர்டு தரவு. 1939ஆம் ஆண்டு ஆய்வு அது. இரண்டு பள்ளிகளைச் சேர்ந்த 301 மாணவர்கள், ஒன்பது தேர்வுகள். காட்சித்திறன், மொழித்திறன், வேகம் என மூன்று காரணிகளை, அதாவது மறைமாறிகளை, வைத்தால், மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகளில் சிஎஃப்ஐ (1ஐ நெருங்க வேண்டும்) 0.931, ஆர்எம்எஸ்இஏ (0ஐ நெருங்க வேண்டும்) 0.092 என்று வருகிறது. பொருத்தம் போதாது. எந்த உறவைச் சேர்த்தால் பொருத்தம் எவ்வளவு கூடும் என்று காட்டும் திருத்தக் குறியீடுகளைக் கேட்டால் இரண்டு யோசனைகள் முன்னால் வந்து நிற்கும். நேர்கோட்டு எழுத்துகளையும் வளைந்த எழுத்துகளையும் விரைவாகப் பிரித்தறியும் தேர்வைக் காட்சித்திறனோடும் இணைப்பது ஒன்று. அதன் மதிப்பு 36.4. கூட்டல் தேர்வு, புள்ளி எண்ணும் தேர்வு ஆகியவற்றின் பிழைகளை (காரணி விளக்காத பகுதிகளை) இணைப்பது மற்றொன்று. அதன் மதிப்பு 34.1. இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். எழுத்து வடிவத்தைப் பார்க்கக் கண் வேண்டும். மற்ற இரண்டிலும் எண் இருக்கிறது. எதை ஏற்பது என்பதை மென்பொருள் சொல்லாது, கோட்பாடுதான் சொல்ல வேண்டும். பொருத்தம் வரும்வரை அம்புகளைச் சேர்த்துவிட்டு, அது தொடக்கத்திலிருந்தே தங்கள் கருதுகோள் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

இயல்பு அமைப்புகளில் கவனம் தேவை. எதுவும் குறிப்பிடாவிட்டால், விடுபட்ட பதில் உள்ளவர்களை லவான் முழுவதுமாக நீக்கிவிடும். ஐந்து நிலைப் பதில்களைத் தொடர் எண்களாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரு வரியில் மாற்றலாம், ஆனால் மாற்ற வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழுக்களை ஒப்பிடுபவர்களுக்கு லவான் பெரிய வரம். அதே ஹோல்சிங்கர்–ஸ்வைன்ஃபோர்டு தரவில் இரு பள்ளிகளுக்கும் காரணிச் சுமைகளை (காரணிக்கும் தேர்வுக்கும் உள்ள தொடர்பின் அளவுகளை) சமமாக்கினால் மாதிரி தாங்குகிறது. வெட்டுத்துண்டுகளையும் (காரணி பூச்சியமாக இருக்கும்போது தேர்வில் எதிர்பார்க்கும் மதிப்பெண்களையும்) சமமாக்கினால், மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் கை வர்க்க (chi-square) மதிப்பு 124.0இலிருந்து 164.1க்குத் தாவுகிறது. அதாவது, சில தேர்வுகள் இரு பள்ளிகளிலும் ஒரே அளவுகோலாக இயங்கவில்லை. சராசரிகளை அப்படியே ஒப்பிட முடியாது. ஆண்–பெண், நகரம்–கிராமம் என்று சராசரிகளை ஒப்பிடும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் நெறியாளர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.