செகண்ட் ஹேண்ட் செமி டிரக்: 1999 இன்ஜினா, 2015 இன்ஜினா?

அமெரிக்காவில் சொந்த வண்டி ஓட்ட வருபவர்களைப் பழைய டிரக் சுலபமாக மயக்கிவிடும். இன்ஜின் 2000-க்கு முந்தைய மாடல் என்றால், ஓட்டும் நேரத்தைத் தானாகப் பதிவு செய்யும் இஎல்டி கருவி கட்டாயமில்லை, காகித லாக் புத்தகம் போதும். (11 மணி நேர ஓட்டும் வரம்பு அதற்கும் உண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.) டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி), டிஇஎஃப் (புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் திரவம்) தொல்லை இல்லை. பழுது பார்ப்பதும் எளிது.

2015 வண்டியில் டிபிஎஃப், டிஇஎஃப் இரண்டுமே உண்டு. ஒரு சென்சார் கெட்டாலே இன்ஜின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லோடோடு நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் வாங்கும் முன் லேப்டாப்பை இணைத்து, பழைய ஃபால்ட் கோடுகளையும் (கோளாறுக் குறியீடுகள்), ரீஜென் (டிபிஎஃப்-இல் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) எத்தனை முறை நடந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். அடிக்கடி ரீஜென் ஆகிற வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தொட மாட்டேன். அப்புறம் ஆயில் சாம்பிளையும் லேபுக்கு அனுப்புங்கள்.

சரி, எது? கலிபோர்னியா லோடு எடுப்பீர்கள் என்றால் கேள்வியே இல்லை, 2015-தான். 2023 முதல் அங்கே பொதுவாக 2010 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின்தான் ஓடலாம். அந்தப் பக்கம் போகாமல், ஸ்பேனரும் கையுமாக இருப்பவர் என்றால் 1999.