‘சர்ஸி’ ஆடியோபுக்: இத கேக்கத்தான் வேணும்

மேடலின் மில்லரோட ‘சர்ஸி’ நாவல் பேப்பர்பேக் ரெண்டு வருஷமா அலமாரில தூங்கிட்டு இருந்துச்சு, கடைசில ஆடியோபுக் வாங்கி சமைக்கும்போது, பஸ்ல தொங்கும்போதுன்னு 12 மணி நேரத்த ஓட்டிட்டேன். படிக்காம விட்டதே நல்லதுன்னு இப்ப தோணுது, ஏன்னா இது குரல் பத்தின கதை.

பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரோட ‘ஒடிஸி’ காவியத்துல பத்தாவது காண்டத்துல வர்ற சூனியக்காரிதான் இந்த சர்ஸி. காவிய நாயகன் ஒடிஸியஸோட ஆளுங்களுக்கு விருந்து வச்சு பன்னியாக்கிருவா, அவன் வாள உருவுனதும் அலறிட்டு கால புடிச்சுப்பா, அப்புறம் ஒரு வருஷம் அங்கயே சாப்பாடு, கறி, ஒயின்னு ஓடும். ஆனா இத நமக்கு சொல்றது யாரு? ஒடிஸியஸேதான், வேற ஒரு ராஜா வீட்டு விருந்துல உக்காந்து அளந்து விடுறான். அவகிட்ட யாரும் கேக்கவே இல்ல.

2018ல வந்த இந்த நாவல்ல அவளே பேசுறா. ஏன் பன்னியாக்குனான்னு காரணம் வருது, அத சொல்ல மாட்டேன், அந்த இடத்துல அடுப்ப அணைச்சிட்டு நின்னே கேட்டேன். அவ மண்டி போட்டதா பாட்டு கட்டி பாடுறாங்கன்னு பின்னாடி அவ காதுக்கே வரும், அப்போ கவிஞர்கள பத்தி ஒரு நக்கல் அடிப்பா பாருங்க!

ஹோமர் அவள ‘மனுஷப் பேச்சு பேசுற பயங்கர தெய்வம்’னு போற போக்குல சொல்லிட்டு போயிருவார். மில்லர் அந்த ஒத்த அடைமொழிய விடாம புடிச்சுக்கிட்டு, தெய்வங்க நடுவுல மனுஷக் குரலோட பொறந்து கேலி பேச்சு வாங்குற பொண்ணா வளத்துருக்காங்க. பெர்டிடா வீக்ஸ் அத அலட்டாம, அவசரப்படாம வாசிக்கிறாங்க, வேற யாரயும் இனிமே அந்த இடத்துல வச்சு பாக்க முடியல.

நடுவுல கொஞ்சம் இழுவைதான். தூதுவ தெய்வம் ஹெர்மீஸ் வர்றான், இன்னொரு சூனியக்காரி மெடியா வர்றா, காளைத்தலை ராட்சசன் மினோட்டார் பொறக்குற பிரசவத்த பாக்க இவள க்ரீட் தீவுக்கு வேற கூட்டிட்டு போறாங்க... தனியா தீவுல தள்ளி வச்சவ வீடா இல்ல கல்யாண மண்டபமான்னு ஆயிருச்சு. கடைசிப் பகுதில திரும்ப நிமிந்துருது, அது ‘டெலகோனி’ங்கிற தொலைஞ்சு போன காவியத்துலேர்ந்து எடுத்தது, இப்ப சுருக்கம் மட்டும்தான் மிச்சம் இருக்காம். திருக்கை மீன் வால் ஒன்னு வரும், கவனமா கேளுங்க.

பேருங்க காதுல நிக்கல, அச்சுப் புத்தகத்துல பின்னாடி பாத்திரங்க பட்டியல் இருக்கு, மொத ரெண்டு மணி நேரம் அத பக்கத்துல வச்சுக்கிட்டேன். ஒடிஸியஸ் முன்னாடி போய் போட்ட ட்ராய் சண்டைய எதிர்பாத்து வாங்காதீங்க, அதெல்லாம் ஒடிஸியஸ் ராத்திரில சொல்ற கதையா மட்டும்தான் வரும். அப்புறம் ஸ்பீட மட்டும் ஏத்திராதீங்க.