கிடங்கில் கிடந்த எஞ்சினா, பறந்து திரும்பிய எஞ்சினா?

2014 அக்டோபர் 28 மாலை, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வாலப்ஸ் தீவிலிருந்து கிளம்பிய அன்டாரஸ் ராக்கெட், சுமார் 15 விநாடிகளில் விசை இழந்து ஏவுதளத்துக்குப் பக்கத்திலேயே விழுந்து வெடித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகவேண்டிய இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு சாம்பலானது. யாருக்கும் காயமில்லை. ‘நாற்பது வருடப் பழைய ரஷ்ய எஞ்சினை மாட்டினால் வேறென்ன ஆகும்?’ என்ற தீர்ப்பும் கையோடு வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம் என்பது என் கட்சி. பழைய எஞ்சினில் இரண்டு ரகம் உண்டு: பறக்காமல் கிடங்கில் கிடந்தது, பறந்து திரும்பியது. வணிக ராக்கெட்டுக்கு இவற்றில் எதை நம்பலாம் என்பதே கேள்வி.

முதலில் அன்டாரஸில் மாட்டிய அந்த எஞ்சினின் பூர்விகம். சோவியத்தின் என்-1 நிலவு ராக்கெட்டுக்காகக் குஸ்நெத்சோவ் நிறுவனம் உருவாக்கியது என்.கே-33. என்-1 நான்கு முறை பறந்து நான்கு முறையும் தோற்றது, திட்டமே மூடப்பட்டது. என்.கே-33-க்கு அதில் பறக்கும் வாய்ப்புகூட வரவில்லை. எஞ்சின்களை அழிக்கச் சொன்ன உத்தரவை மீறி, அவற்றைக் கிடங்கில் பத்திரப்படுத்தினார்கள். 1990-களில் அமெரிக்காவின் ஏரோஜெட் நிறுவனம், ஒன்று சுமார் 11 லட்சம் டாலர் என்ற கணக்கில் பல எஞ்சின்களை வாங்கி, மின்னணுப் பாகங்களை மாற்றி, ஏ.ஜே-26 என்று பெயர் சூட்டியது. எடைக்கு அது தரும் விசையைப் பார்த்தால் அடிமாட்டு விலைதான்.

2011-இல் சோதனை மேடையில் ஓர் எஞ்சின் தீப்பிடித்தது. பல ஆண்டுகள் கிடந்த உலோகத்தில் அரிப்பும் அழுத்தமும் சேர்ந்து விரிசல் விட்டு, மண்ணெண்ணெய் கசிந்ததே காரணம். இது சந்தேகமில்லாமல் வயதின் வேலை. ஆனால் 2014 விபத்து அப்படியல்ல. திரவ ஆக்சிஜன் பம்ப்பில் சுழலும் பாகம் நிலையான பாகத்தோடு உரசித் தீப்பற்றியது என்பது நாசா குழுவின் முடிவு. அந்த எஞ்சினில் ஆக்சிஜன் மிகுந்த சூழலில், உரசல் வந்தால் உலோகமே விறகுதான். உரசல் ஏன் வந்தது என்பதற்குக் குழு மூன்று சாத்தியங்களைச் சொன்னது: வடிவமைப்பில் போதிய தாங்குதிறன் இல்லாமை, உள்ளே புகுந்த துகள்கள், பேரிங் உட்காரும் துளையைக் கடைந்ததில் நேர்ந்த குறை. அதே ஆண்டு மே மாதம் சோதனையில் வெடித்த இன்னொரு எஞ்சினிலும் அதே துளைக் குறை இருந்தது. அன்டாரஸின் தேவைக்கேற்ப எஞ்சினை முழுமையாக மறுதகுதிச் சோதனைக்கு உட்படுத்தவில்லை என்றும் குழு குட்டியது. என் பார்வையில் வயதைவிடப் பெரிய குற்றம் இதுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டிலுள்ள மெர்லின். பழையதென்றாலும் பெரும்பாலும் பறந்து வீடு திரும்பும் எஞ்சின். 2017 மார்ச்சில் முதல் மறுபயணம். இப்போது ஒரே பூஸ்டர், அதாவது எஞ்சின்களோடு தரையிறங்கும் கீழ்ப்பகுதி, முப்பது முறைக்கும் மேல் பறந்தாகிவிட்டது. கோளாறு வராமலில்லை. 2020 மார்ச்சில், சுத்தம் செய்யப் பயன்படுத்திய ஆல்கஹால் சிறிது ஒரு சென்சார் குழாயின் மூலையில் தங்கிப்போய், பறக்கும்போது பற்றிக்கொண்டது. 2021 பிப்ரவரியில், எஞ்சினைச் சுற்றியுள்ள துணி உறையில் நுண்ணிய ஓட்டை விழுந்து சூடான வாயு உள்ளே புகுந்தது. அதிக முறை பறந்து தேய்ந்த உறை அது. இரண்டு முறையும் பூஸ்டர் தரையிறங்காமல் தொலைந்தது, செயற்கைக்கோள்கள் மட்டும் சுற்றுப்பாதையை அடைந்தன. ஒன்பது எஞ்சினில் ஒன்று போனாலும் மிச்சம் எட்டு உண்டு. அன்டாரஸில் இருந்தவையோ இரண்டே இரண்டு.

ஆகவே பறந்து திரும்பிய எஞ்சினுக்கே என் வாக்கு. அது தன் தேய்மானத்தைத் தானே கொண்டுவந்து காட்டுகிறது. கிடங்கு எஞ்சினைச் சோதனை மேடையில் சிறிது நேரம் ஓட்டலாம். செய்த கைகளைத் தேடிப்பிடித்துச் சந்தேகம் கேட்க முடியாது.

கிடப்பும் பறப்பும் சேர்ந்த கலவை ஒன்றும் உண்டு: விண்வெளி ஓடத்தின் ஆர்.எஸ்-25. வணிக ராக்கெட்டுக்கு உரியதல்ல என்றாலும் ஒப்பிடத் தகுந்தது. 2022 நவம்பரில் நாசாவின் ஆளில்லா நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1-ஐத் தூக்கிய நான்கு எஞ்சின்களில் 2045 என்ற எண்ணுள்ளது, ஓடங்களில் 12 முறை பறந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆவணம் உண்டு, புதிய கட்டுப்பாட்டுக் கணினி உண்டு, அரசாங்கப் பணமும் உண்டு. கடைசியில் அத்தனையும் கடலில் வீசப்பட்டன என்பது வயிற்றெரிச்சல்.

‘புதிதாகவே வாங்கிவிடலாமே’ என்பவர்களுக்கும் அன்டாரஸே பதில். விபத்துக்குப் பின் ரஷ்யாவிலிருந்து புத்தம் புதிய ஆர்.டி-181 எஞ்சின்களுக்கு மாறி, 2016 அக்டோபரில் அது மீண்டும் பறந்தது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. 2022-இல் உக்ரைன் போர் வந்தது, எஞ்சின் வரத்து நின்றது, கையிருப்பு தீர்ந்து 2023 ஆகஸ்டோடு அந்த ராக்கெட்டும் ஓய்ந்தது.