இரண்டாம் வாசிப்பில்தான் தொடங்கும் புத்தகம்

எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969இல் வெளிவந்த படக்கதை. முதன்முறை படிக்கும் பெரியவருக்கு, இவ்வளவு புகழுக்கு இதில் என்ன இருக்கிறது என்றே தோன்றும். முட்டை பொரிகிறது, புழு கண்டதையெல்லாம் தின்கிறது, கூடு கட்டுகிறது, வண்ணத்துப்பூச்சியாகிறது. சில நிமிடங்களில் கதை முடிந்துவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தை இதையே மறுபடியும் படிக்கச் சொல்லி அடம்பிடிக்கத் தொடங்கிய பிறகுதான், எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது புலப்படும்.

திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று வெள்ளியின் ஐந்து ஆரஞ்சுகள் வரை எண்ணிக்கை ஏற ஏற, தாளின் அகலமும் கூடுகிறது. புழு தின்ற இடமெல்லாம் துளை. அடுத்து வருவதை அறிந்துகொண்ட குழந்தை, துளையில் விரலை நுழைத்தபடி நமக்கு முன்னால் கதையைச் சொல்லத் தொடங்கிவிடும். வரியின் நடுவே நிறுத்தினால் மீதியை அதுவே முடிக்கும். சீக்கிரம் தூங்கவைக்கும் ஆசையில் ஒரு நாளைத் தாண்டிவிட்டாலோ, உடனே பிடிபடுவோம்.

சனிக்கிழமைப் பக்கம்தான் புத்தகத்தின் கருவூலம். கேக், ஐஸ்கிரீம், சீஸ், தர்பூசணி எனப் பத்துத் தின்பண்டங்கள் ஒரே மூச்சில் வருவதால், முதல் வாசிப்பில் அவை குழந்தைக்கு வெறும் ஓசைதான்; திரும்பத் திரும்பக் கேட்கையில் ஒவ்வொன்றாகப் பொருள் பெறுகின்றன. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே: புதிய சொற்களைச் சம எண்ணிக்கையில் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகளுள், வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதைகளில் மீண்டும் மீண்டும் கேட்டவர்களே அச்சொற்களை நன்கு கற்றிருந்தனர். கதையின் போக்கு தெரிந்துவிட்டால் கவனம் சொல்லுக்கு மிச்சமாகிறது என்பது என் கணிப்பு.

குறையும் உண்டு. பட்டுக்கூடு கட்டிக்கொள்வது பெரும்பாலும் விட்டில்களின் வழக்கம்; வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பொதுவாக அத்தகைய உறையின்றியே இருக்கும். குழந்தை சற்று வளர்ந்ததும் இதைச் சொல்லித் திருத்திவிடலாம்.

மெல்லிய தாளில் அச்சான பதிப்பில், பழங்கள் உள்ள குறுகிய பக்கங்கள் இத்தனை வாசிப்புகளைத் தாங்கா. தடித்த அட்டைப் பதிப்பையே வாங்குங்கள்.