பழ ஈ கருவோட நியூரான்ல ஜீனை முடக்க ம்யூட்டன்டா, ஆர்என்ஏஐயா?

ம்யூட்டன்ட்னா ஜீனே கெட்டுப்போன ஈ, ஆர்என்ஏஐன்னா ஜீனை விட்டுட்டு அதுலேருந்து வர்ற எம்ஆர்என்ஏவ (புரோட்டீன் செய்யற நகல்) வெட்டி அடக்கற முறை. ரெண்டுமே ஸ்டாக் சென்டர்ல (ஈ வகைகளை வளர்த்து அனுப்பற மையம்) கிடைக்கும், ஒரே ஒரு க்ராஸ் (ரெண்டு வகை ஈக்களை இணைசேர்க்கறது) போட்டா போதும்னு நிறைய பேர் ஆர்என்ஏஐ பக்கம் போயிடறாங்க. லார்வாவுக்கோ வளர்ந்த ஈக்கோ சரி, ஆனா கருவுக்கு நான் அதை சொல்லவே மாட்டேன்.

காரணம் நேரம்தான். 25 டிகிரில முட்டை போட்டு ஒரு நாளுக்குள்ள லார்வா வெளிய வந்துடும். அந்த கொஞ்ச நேரத்துல கேல்4 (ஜீனை ஆன் பண்ற புரோட்டீன்) உருவாகி, அது யூஏஎஸ்ல (அது ஒட்டற டிஎன்ஏ இடம்) போய் உக்காந்து, வெட்டற வேலைய ஆரம்பிக்கற ஹேர்பின் ஆர்என்ஏ வந்து, எம்ஆர்என்ஏ வெட்டுப்பட்டு, அதுக்கும் அப்புறம் ஏற்கனவே இருக்கற புரோட்டீன் தேயணும். எலாவ்-கேல்4 மாதிரி நியூரான் டிரைவர் (நியூரான்ல கேல்4 செய்ய வைக்கற லைன்) போட்டா இதெல்லாம் நடக்கறதுக்குள்ள ஆக்ஸான் (நியூரானோட நீளமான இழை) பாதை போட்டு முடிச்சிடும், பஸ் போனப்புறம் கை காட்டற கதைதான். 29 டிகிரில வளர்க்கலாம், டைசர்-2 (ஹேர்பினை துண்டு போடற என்சைம்) சேர்க்கலாம், கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

ம்யூட்டன்ட்ல ஜீன் ஆரம்பத்துலேருந்தே கெட்டிருக்கும், ஆனா அதுலயும் வில்லங்கம் உண்டு. அம்மா ஈ முட்டைக்குள்ள வச்சு அனுப்பின எம்ஆர்என்ஏவ வச்சே கரு சமாளிச்சிடும், நாம ஜீனுக்கு வேலையே இல்லன்னு முடிவு கட்டிடுவோம். இந்த சந்தேகம் வந்தா ஜெர்ம்லைன் க்ளோன் (அம்மாவோட முட்டை செல்லுலயும் அந்த ஜீன் கெட்டிருக்கற மாதிரி செய்யறது) பண்ணித்தான் ஆகணும், அது நிஜமாவே பெரிய வேலை. அப்புறம் இஎம்எஸ்ல (டிஎன்ஏவ கெடுக்கற ரசாயனம்) வந்த ம்யூட்டன்ட்னா அதே குரோமோசோம்ல வேற எங்கயாவது அடி பட்டிருக்கும், டெஃபிஷியன்சியோட (அந்த ஜீன் இருக்கற குரோமோசோம் துண்டே இல்லாத ஈ) க்ராஸ் பண்ணி பாக்காம எதையும் நம்பாதீங்க. கால்வாசி கருதான் ஹோமோசைகஸ் (ரெண்டு நகலும் கெட்டது), அதை பிரிக்க ஜிஎஃப்பி (பச்சையா ஒளிரற புரோட்டீன்) போட்ட பேலன்சர் (கெட்ட நகலுக்கு ஜோடியா வைக்கற அடையாள குரோமோசோம்) வேணும்.

புரோட்டீனை பாக்க ஆன்டிபாடியா (அந்த புரோட்டீனை பிடிச்சு காட்டறது) ஜிஎஃப்பியாங்கறதும் இதோட சேர்ந்த கேள்விதான். நல் ம்யூட்டன்ட் (அந்த புரோட்டீனே வராதது) கையில இருந்தா ஆன்டிபாடி உண்மையானதான்னு உடனே தெரிஞ்சிடும், அங்கயும் சிக்னல் வந்தா அது வேற எதையோ பிடிக்குதுன்னு அர்த்தம். ப்ரமோட்டர்ல (ஜீனை ஆன் பண்ற டிஎன்ஏ பகுதி) ஜிஎஃப்பி ஒட்டினது ஜீன் ஆன் ஆச்சான்னு மட்டும்தான் சொல்லும், ஜீன் ஆஃப் ஆனப்புறமும் ஜிஎஃப்பி மினுக்கிட்டே இருக்கும். ரோபோங்கற ஜீனை எடுத்துக்கோங்க (அது இல்லாத கருவுல ஆக்ஸான் உடம்போட நடுக்கோட்டையே சுத்தி சுத்தி வரும், ரவுண்டபவுட்னு பேர் வந்ததே அதனாலதான்), நடுக்கோட்டை தாண்டற ஆக்ஸான் துண்டுல அந்த புரோட்டீன் ரொம்ப கம்மி, தாண்டினப்புறம்தான் ஏறும். இதை ப்ரமோட்டர் ரிப்போர்ட்டர்ல பாக்கவே முடியாது. உயிரோட படம் பிடிக்கணும்னா மட்டும் புரோட்டீனோடயே ஜிஎஃப்பி ஒட்டின லைனுக்கு போங்க.

ஆன்டிபாடிக்கு ஸ்டேஜ் 16-ஓட (கரு வளர்ச்சியில கடைசிக்கு முந்தின கட்டம்) நிறுத்திக்கோங்க, 17-ல க்யூட்டிகிள் (கெட்டியான வெளித்தோல்) வந்துட்டா உள்ளயே போகாது.