தேயும் முன்பே இறுகிப்போன டயர்

என் காரில் இப்போது ஓடுவது மூன்றாவது செட் டயர். அளவு மூன்றுக்கும் ஒன்றுதான்: 195/65 ஆர்15, 91எச் (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்; 91எச் என்பது எடைக்கும் வேகத்துக்கும் உள்ள வரம்புக் குறியீடு). முதல் செட் காரோடு வந்தது. இரண்டாவது செட்டை நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று தேடி வாங்கினேன். மூன்றாவதை வாங்கும்போது மழையில் பிடிக்குமா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். மொத்தம் 97,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த முறை டயர் மாற்றப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று என் நோட்டில் இருப்பதை எழுதுகிறேன்.

கம்பெனி பெயரும் மாடல் பெயரும் இதில் வராது. ஒரே மாடலிலேயே அளவு மாறினால் பக்கவாட்டில் பொறித்த எண்கள் மாறுவதுண்டு. பெயரை நம்பிக் கடைக்குப் போவதைவிட அந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டு போவது பயன் தரும்.

முதல் செட் 31,000 கிலோமீட்டரில் முடிந்தது. அப்போது டயர் மீதுதான் கோபம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், நன்றாகத்தான் இருந்தது. ஒரு பஞ்சருக்காக முன் இடது சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தபோதுதான் உள் ஓரம் கண்ணில் பட்டது. வெளி ஓரத்தில் 4.2 மில்லிமீட்டர், உள் ஓரத்தில் 1.4. பட்டன் மீது உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவினேன், வழவழவென்று போனது. வெளியிலிருந்து உள்ளே தடவினேன், ரம்பத்தின் பல்லைத் தொட்டதுபோல் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் விரலில் தட்டியது. அந்த ஒரு தடவலிலேயே நோய் தெரிந்துவிட்டது. ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமலேயே மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம், விலகி, சக்கரம் உருள்வதோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டிலும் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது.

டயர் நல்லதா கெட்டதா என்று சொல்வதற்கு முன்னால் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். இந்த நான்கையும் சரிசெய்யாமல் புது செட் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். 'இந்த டயர் 30,000கூட ஓடவில்லை' என்று யாராவது சொன்னால், எப்படித் தேய்ந்தது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

அந்த வருத்தத்தில்தான் இரண்டாவது செட்டை வாங்கும்போது ஆயுள் ஒன்றையே பார்த்தேன். பக்கவாட்டில் டிரெட்வேர் 500 என்று இருந்தது. அது தேய்மான எண், கூடினால் மெதுவாகத் தேயும் என்று அர்த்தம். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பின்னால்தான் படித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆஞ்செலோ ஊரைச் சுற்றி ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளச் சாலைச் சுற்று ஒன்று இருக்கிறது. அதில் சோதனை டயரையும் ஒப்பீட்டு டயரையும் மொத்தம் சுமார் 11,500 கிலோமீட்டர் ஓட்டி, தேய்மானத்தை அளந்து, மீதி ஆயுளைக் கணக்குப் போட்டு மதிப்பிடுகிறார்கள். அடிப்படை 100. மதிப்பெண்ணைப் போட்டுக்கொள்வது தயாரிப்பாளரேதான். அதனால் ஒரு கம்பெனியின் 500-ஐயும் இன்னொரு கம்பெனியின் 320-ஐயும் தராசில் வைத்ததுபோல் ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட்டால் ஓரளவு அர்த்தம் உண்டு.

இரண்டாவது செட்டிலிருந்து பட்டன் ஆழத்தை அளக்கும் ஆழமானியை வைத்துக்கொண்டேன். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கருவிதான். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதினேன். புதிதில் 8.1 மில்லிமீட்டர். 42,000 கிலோமீட்டரில் சராசரி 4.4. அதாவது ஒரு மில்லிமீட்டர் தேய 11,300 கிலோமீட்டருக்கு மேல் ஆனது. உழைப்பில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் அந்த 42,000 ஓட எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. வருடத்துக்கு 8,000தான் என் ஓட்டம். அதற்குள் ரப்பர் இறுகிவிட்டது. பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள். வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கடினமானியை அழுத்திப் பார்த்தார். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 76 காட்டியது, எண் கூடினால் ரப்பர் கடினம். கடையில் புதிதாக நின்ற வேறொரு டயரில் அதே கருவி 63 காட்டியது. பட்டன் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, பார்ப்பவர்கள் 'இன்னும் நிறைய ஓடும்' என்கிறார்கள், ஈரத் தரையில் மட்டும் வண்டி கேட்பதில்லை. தூறல் விழுந்த ஒரு மாலை, வளைவில் நாற்பதுக்கும் குறைவான வேகத்தில் திரும்பினேன். ஸ்டீயரிங் திரும்பியது, முன் சக்கரம் திரும்பாமல் நேராக வழுக்கியது. அரை நொடிதான் இருக்கும். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது யார் கேட்டாலும் நான் திரும்பக் கேட்பது, வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதுதான். 25,000, 30,000 ஓட்டுகிறவருக்குக் கடினமான, நாள்பட உழைக்கும் ரப்பர் கலவை பொருத்தம். இறுகுவதற்கு முன் தேய்த்துத் தீர்த்துவிடுவார். என்னைப் போல 8,000 ஓட்டுகிறவர் 80,000 கிலோமீட்டர் டயரை வாங்கினால், தேய்ந்து முடிய பத்து வருடம் ஆகும். அதில் பிற்பாதி முழுக்க இறுகிய ரப்பரில் ஓட்ட வேண்டியிருக்கும். கிடைக்காத ஆயுளுக்காக மழைப் பிடிப்பை விட்டுக்கொடுக்கிறோம். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

மூன்றாவது செட்டில் டிரெட்வேர் 320. சிலிக்கா கலந்த மென்மையான கலவை, உள்பாதிக்கு ஒரு வடிவம், வெளிப்பாதிக்கு ஒரு வடிவம். பக்கவாட்டில் டிராக்‌ஷன் என்று பொறித்த தர எழுத்து பழைய செட்டிலும் 'ஏ', இதிலும் 'ஏ'. அந்தச் சோதனை பூட்டிய சக்கரத்தை ஈரத் தரையில் நேராக இழுத்து எடுப்பது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போதும் வளைவில் திரும்பும்போதும் கிடைக்கும் பிடிப்பை அது சொல்லாது. அந்த எழுத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் சமம் என்று நினைத்திருப்பேன். ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் அதில் ஈரப் பிடிப்புக்குத் தனியாக ஏ முதல் ஈ வரை தரம் இருக்கும். தேர்ந்தெடுக்க அது இன்னும் உதவும்.

மாற்றிய நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடையில் முதலில் 205/65 ஆர்15 எடுத்து வைத்தார்கள். அகலமாக இருக்கும், பிடிப்பு கூடும் என்றார்கள். கணக்குப் போட்டேன். என் அளவில் டயரின் மொத்த உயரம் 634.5 மில்லிமீட்டர், அதில் 647.5. இரண்டு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், வீல் ஆர்ச்சில் இடமும் குறையும். வேண்டாம் என்றேன். அடுத்து தயாரிப்பு வாரம். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று டயர் ஒரே வாரம், நான்காவது அவற்றைவிட 14 மாதம் பழையது. மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றினார்கள். கடைசியில் நான்கையும் மாட்டிய பிறகு சுற்றி வந்து பார்த்தேன். பின் வலதில் 'இன்சைட்' என்ற எழுத்து வெளிப்பக்கம் தெரிந்தது. ரிம்மில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மறுபடி கழற்றி, திருப்பி, மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டியதாயிற்று. இந்த வகை டயர் வாங்கினால் வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் 'அவுட்சைட்' தெரிகிறதா என்று தயவுசெய்து பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன். தயாரிக்கும்போது டயரை வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசும் திரவம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும், அது போகும்வரை முழுப் பிடிப்பு வராது. 80 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு கொஞ்சம் நகர்ந்தன.

இனி பிரேக். பழைய செட்டைக் கழற்றுவதற்கு முந்தைய நாள், ஆள் நடமாட்டம் இல்லாத மூடிய மைதானத்தின் தார்த் தரையை நனைத்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழு பிரேக் போட்டு டேப்பால் அளந்தோம். மூன்று முறை, சராசரி 17.9 மீட்டர். புது டயர் பழகிய பிறகு அதே தரையில், அதே வேகத்தில், அதே மூன்று முறை. சராசரி 14.1. வித்தியாசம் 3.8 மீட்டர், கிட்டத்தட்ட என் காரின் நீளம். கணக்குப் போட்டால், புது டயர் நின்றுவிட்ட இடத்தைப் பழைய டயர் தாண்டும்போது வண்டி இன்னும் மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். குறுக்கே ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று அந்த மைதானத்திலேயே நினைத்துப் பார்த்தேன். இந்த வித்தியாசத்தில் கலவையின் பங்கும் உண்டு, வயதின் பங்கும் உண்டு, பட்டன் ஆழத்தின் பங்கும் உண்டு. ஆனால் சாலையில் மூன்றும் சேர்ந்துதான் வருகின்றன.

குறைகளும் இருக்கின்றன. லிட்டருக்கு 17.2 கொடுத்த வண்டி இப்போது 16.7 கொடுக்கிறது. பக்கவாட்டு மெலிவு என்பதால் வேகமாகத் தடம் மாறும்போது வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் இருக்கும். முதல் வாரம் அது பிடிக்கவே இல்லை, பிறகு பழகிவிட்டது. பட்டன் கட்டைகளுக்கு நடுவிலுள்ள குறுகலான காடிகளில் ஜல்லிக் கல் சிக்கிக்கொண்டு டக் டக் என்று சத்தம் போடும். மாதம் ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுக்கிறேன். மற்றபடி சொரசொரப்பான சாலையில் பழைய செட்டைவிடச் சத்தம் குறைவு.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்கிறேன். கதவோரம் ஒட்டிய தாளில் உள்ளபடி 33 பிஎஸ்ஐ. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்குக் குறைந்துவிடும். நீண்ட தூரம் ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டினால் திறந்து விடாதீர்கள், ஆறிய பிறகு குறைந்துபோயிருக்கும்.

மூன்றாவது செட் இப்போது 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதில் 7.6 மில்லிமீட்டர், இன்று சராசரி 5.1. ஒரு மில்லிமீட்டருக்கு 9,600 கிலோமீட்டர். 500-க்கும் 320-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் இது மூன்றில் இரண்டு பங்குகூட உழைக்கக் கூடாது. என் ஓட்டத்தில் 85 சதவீதம் உழைத்திருக்கிறது. புது டயரில் பட்டன் கட்டைகள் உயரமாக இருப்பதால் அதிகம் நெளிந்து ஆரம்பத்தில் வேகமாகத் தேயும் என்பதையும் சேர்த்தால், இனிமேல் இந்த விகிதம் இன்னும் கொஞ்சம் மேம்படலாம். காடியின் அடியில் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீட்டரில் வெளியே தெரியும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவும் அதுதான். நான் அதுவரை காத்திருக்கப் போவதில்லை. 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிடுவேன், தண்ணீரை வெளியேற்றும் வேலை அதற்குக் கீழே வேகமாகக் கெடுகிறது. இதே கணக்கில் 3 மில்லிமீட்டருக்கு 44,000 கிலோமீட்டர் வருகிறது. என் ஓட்டத்துக்கு ஐந்தரை வருடம்.

போன வாரம் அதே மைதானத்தை மறுபடி நனைத்தோம். 5.1 மில்லிமீட்டர் பட்டனில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 14.9 மீட்டர். அடுத்த அளவு 32,000-இல்.